எண்ணெய் வேறு, காரை வேறு

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் ஒரு வெள்ளை டப்பா இருக்கிறது. அதன் மேல் 'செரமைடு' என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "ஏம்மா, இது தரைக்குப் போடுகிற செராமிக் டைல்ஸை அரைத்துப் பண்ணினதா?" என்று மருமகளிடம் கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அன்று எங்கள் வீடு இல்லை.

தில்லிக் குளிர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, டிசம்பர் கடைசியில், நான்கு வயதுப் பேரனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் தோல் சிவந்து, தடித்து, அரிப்பெடுத்தது. ஊரில் கரப்பான் என்பார்களே, அதுதான். இரவெல்லாம் சொறிவான். காலையில் படுக்கை விரிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். டாக்டரிடம் போனோம். அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து, "குழந்தையின் தோலில் லிப்பிட் குறைவு, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, களிம்பு எழுதிக் கொடுத்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று. மருமகள் சொன்னாள்: "தோலில் எண்ணெய்ப் பசை இல்லையாம், அத்தை."

எங்கள் தவறு அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். 'லிப்பிட்' என்ற சொல்லைத் தமிழில் வேறு எப்படித்தான் சொல்வாள்? 'கொழுப்பு' என்றால் நம் வீடுகளில் அது திட்டு. 'குழந்தைக்குக் கொழுப்பு குறைவு' என்று சொன்னால் பாட்டிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும்!

"எண்ணெய் இல்லேன்னா எண்ணெயைத் தடவினால் போச்சு. இதுக்கு ஒரு டாக்டரா?" என்றாள் என் மனைவி. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அன்போடு கடுகெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு அதைத் தேய்ப்பது இங்கத்திய வழக்கம். தேய்த்தோம். தேய்த்த பிசுக்குப் போக வேண்டுமே என்று கீசரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து, கிருமிநாசினி சோப்பைப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினோம். அந்தச் சோப்பை வாங்கி வந்தவன் நான்தான். புண்ணில் கிருமி சேரக்கூடாது என்ற நல்லெண்ணம். பத்து நாள் இப்படி நடந்தது. பதினோராம் நாள் குழந்தை குளியலறைப் பக்கமே வர மறுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுபடி போனபோது அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினார். வரிசை வரிசையாகச் செங்கல், நடுவில் சாந்து. "உங்கள் பேரனுக்குக் குறைந்திருப்பது எண்ணெய் இல்லை, தாத்தா. இந்தச் சாந்து. அதைத்தான் நீங்கள் தினமும் சோப்புப் போட்டுச் சுரண்டியிருக்கிறீர்கள்" என்றார். எனக்குச் சுரீரென்றது. அந்த டப்பாவில் எழுதியிருந்த சொல்லை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததையும், அதனால் எனக்கு ஏற்பட்ட ஒரு கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் தோலில் கொழுப்புப் பொருள் இரண்டு வகை. இரண்டும் பிறக்கும் இடம் வேறு, செய்யும் வேலை வேறு. ஒன்று, மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகளிலிருந்து கசிந்து முகத்திலும் தலையிலும் பளபளக்கும் நெய். இதற்கு ஆங்கிலத்தில் 'சீபம்' என்று பெயர். விலங்குக் கொழுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. கண்ணாடியில் பார்த்து 'முகத்தில் எண்ணெய் வழிகிறது' என்கிறோமே, அது இதுதான்.

மற்றது கண்ணுக்குத் தெரியாதது. தோலின் மேற்புறத்தில் உயிர் நீங்கிய செல்கள் தட்டைத் தட்டையாக அடுக்கப்பட்ட ஒரு படலம் இருக்கிறது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் நாம் எழுதும் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தச் செல்கள்தாம் செங்கல். அவற்றின் இடுக்குகளில் நிரம்பியிருக்கும் கொழுப்புதான் சாந்து. இந்தச் சுவர் உவமையை 1980களில் பிரபலமாக்கியவர் பீட்டர் எலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் ஆராய்ச்சியாளர். உடம்பிலுள்ள தண்ணீர் ஆவியாகி ஓடாமல் காப்பதும், வெளியிலுள்ள வேண்டாத பொருள்கள் உள்ளே நுழையாமல் தடுப்பதும் இந்தச் சுவரின் வேலை. அந்தச் சாந்தில், எடைக் கணக்கில் ஏறக்குறைய பாதி செரமைடு. கால் பங்கு கொலஸ்டிரால். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். இதய நோய்க்குப் பயந்து நாம் வெறுக்கும் கொலஸ்டிரால்கூடத் தோலில் கொத்தனார் வேலை பார்க்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

இரண்டும் வேறு என்பதற்கு அத்தாட்சி நம் கையிலேயே இருக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நெய் சுரப்பிகள் கிடையாது. ஆனால் அந்தச் சுவர் அங்கேயும் உண்டு. அதேபோல, நான்கு வயதுக் குழந்தைக்கு நெய்ச் சுரப்பு இயற்கையாகவே மிகக் குறைவு. பருவ வயதை நெருங்கும்போதுதான் அது கூடும். ஆகவே 'எண்ணெய்ப் பசை இல்லை' என்பது அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். என் பேரனின் நோய் அதுவல்ல. இன்னொரு பக்கம், முகத்தில் எண்ணெய் வழியும் கல்லூரிப் பையனுக்கும் சுவரில் சாந்து உதிர்ந்திருக்கலாம். எண்ணெய் வழிகிறதே என்று அவன் நாளுக்கு நாலு தடவை முகம் கழுவினால், வழிகிற நெய் மறுபடி வந்துவிடும், உதிர்ந்த சாந்து அவ்வளவு சீக்கிரம் வராது.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். செரமைடுக்கும் செராமிக்குக்கும் உறவே இல்லை. செராமிக் என்பது குயவர் மண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. செரமைடோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூளையின் வழி வந்த பெயர். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த துடிக்கம் என்ற டாக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூளையை வேதியியல் முறையில் பகுத்து ஆராய்ந்தார். அதில் கிடைத்த ஒருவகைப் பொருள்களுக்கு, மூளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'செரிப்ரோசைடு' என்று பெயரிட்டார். அதன் உள்ளே இருந்த ஒரு மூலப்பொருளின் தன்மை அவருக்குப் பிடிபடவில்லை. விடுகதை போடும் கிரேக்கப் புராணத்து ஸ்பிங்க்ஸின் பெயரால் 1884இல் அதை 'ஸ்பிங்கோசின்' என்று அழைத்தார். அந்த ஸ்பிங்கோசினும் ஒரு கொழுப்பு அமிலமும் 'அமைடு' என்ற பிணைப்பால் சேர்ந்தால் வருவது செரமைடு. செரிப்ரோசைடின் தலையும் அமைடும் சேர்ந்த ஒட்டுச்சொல். பெயர் மூளையில், வேலை தோலில்!

இந்த நோயுள்ளவர்களின் தோலில் செரமைடு குறைந்திருப்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1991இல் எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தது. வந்ததில் தவறில்லை. ஆனால் கடைத்தெருவில் அது மந்திரமாகிவிட்டது என்பதுதான் என் மனக்குறை. இன்று சோப்பில் செரமைடு, ஷாம்பூவில் செரமைடு, உதட்டுச் சாயத்தில் செரமைடு. பொருள் என்ன என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத் தட்சிணை அதிகம் என்பது நமக்குப் பழகிய கதைதானே!

டப்பாவின் பின்புறத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'செரமைடு என்.பி.', 'ஏ.பி.', 'இ.ஓ.பி.' என்றெல்லாம் இருக்கும். ஒரே குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினர்கள் அவர்கள். எந்தக் கொழுப்பு அமிலம், எந்த மூலப்பொருள் என்பதைக் குறிக்கும் இனிஷியல்கள். 1993இல் முன்மொழியப்பட்ட முறை இது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, சேர்மானங்களில் எடை அதிகமானது முதலில், குறைவானது பின்னால் என்று எழுத வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகாதவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். முன்புறத்தில் கொட்டை எழுத்தில் உள்ள செரமைடு பின்புறத்தில் எந்த மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அதோடு, சாந்து என்றால் வெறும் மணல் இல்லை. மணல், சுண்ணாம்பு, தண்ணீர் எல்லாம் அளவோடு சேர வேண்டும். எலியாஸின் குழுவினர் 1993இல் எலிகளின் தோலில் பரிசோதித்துப் பார்த்தார்கள். செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் மூன்றையும் சரிசமமாகச் சேர்த்துத் தடவியபோது சேதமடைந்த சுவர் வழக்கம்போல் சீரானது. ஒன்றிரண்டை மட்டும் தடவியபோது சீராவது தாமதமானது. செரமைடு ஒன்றை மட்டும் பெரிதாக விளம்பரப்படுத்துவதன் அழகு இதிலிருந்து விளங்கும். கரப்பானுக்குக் காரணமும் செரமைடு மட்டுமல்ல. 'ஃபிலாக்ரின்' என்ற ஒரு புரதம் பரம்பரையாகக் குறைந்திருப்பதும் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அது செங்கல்லின் குறை, சாந்தின் குறை அல்ல.

'அப்படியானால் விலை உயர்ந்த களிம்பு வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். இதற்கு ஆறுதலான பதில் இருக்கிறது. பிரிட்டனில் கரப்பான் உள்ள 550 குழந்தைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், கெட்டிக் களிம்பு என்று நான்கு வகை ஈரப்பசை மருந்துகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. பலனில் நான்குக்கும் வித்தியாசமில்லை. குழந்தைக்கு எது ஒத்துக்கொள்கிறதோ, எதை விடாமல் தினமும் பூச முடிகிறதோ அதுவே நல்லது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியில் செரமைடு ஒரு துளியும் இல்லை. ஆனாலும் விரிசல் விட்ட சுவரின் மேல் தார்ப்பாய் போட்டதுபோல் அது ஈரத்தைக் காக்கும்.

எண்ணெய்களும் எல்லாம் ஒன்றல்ல. 2002இல் வெளிவந்த ஒரு ஆய்வில், எலிகளின் தோலில் தடவியபோது சூரியகாந்தி எண்ணெய் சுவர் சீராவதை விரைவுபடுத்தியது. கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் அவளுக்கும் நான் ஒன்று சொன்னேன்: தேங்காய் எண்ணெயிலும் செரமைடு கிடையாது. அதுவும் தார்ப்பாய் வகைதான். தடவிவிட்டுச் சோப்புப் போட்டுச் சுரண்டினால் தார்ப்பாயும் போகும், சாந்தும் போகும்.

சோப்பு ஏன் இவ்வளவு கெடுதல்? தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. செரமைடை உண்டாக்கும் நொதிகள் அந்தப் புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். சாதாரணச் சோப்போ காரத் தன்மை உள்ளது. கொழுப்பைக் கரைப்பதே அதன் தொழில். அழுக்குக் கொழுப்பு எது, சுவரின் கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. வெந்நீர் சேர்ந்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு ரூம் ஹீட்டர் காற்றை உலர்த்துகிறது. ஊரில் கடற்காற்றின் ஈரம் செய்த உதவி இங்கே இல்லை. ஊரில் தாங்கிய தோல் இங்கே தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் ஊர்ப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது, இங்கத்திய பழக்கத்தையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

பிறந்த குழந்தையின் உடம்பில் வெள்ளையாக மாவு அப்பியதுபோல் இருக்குமே, அதையும் நாம் 'அழுக்கு' என்று சொல்லித் தேய்த்துக் கழுவியவர்கள்தாம். அதிலும் செரமைடு இருக்கிறது. பிறந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 'அழுக்கு' என்று பெயர் வைத்தால் கை தானாகத் துடைக்கப் போகும். 'காப்பு' என்று பெயர் வைத்திருந்தால் விட்டுவைத்திருப்போம். ஒரு சொல் கையை எப்படி ஆட்டி வைக்கிறது பாருங்கள்.

இங்கேதான் என் கருத்து வருகிறது. 'வீட்டில் தமிழ் பேசுங்கள்' என்று சங்கக் கூட்டங்களில் நாம் ஓயாமல் சொல்கிறோம். பேசுகிறோம். ஆனால் டாக்டர் சொன்னதை வீட்டுப் பெரியவருக்குச் சொல்லத் தேவையான தமிழ் நம் பிள்ளைகளிடம் இருக்கிறதா? பாசுரம் ஒப்பிக்கத் தெரிந்த பெண்ணுக்கு, 'லிப்பிட் குறைவு' என்பதைப் பாட்டிக்கு விளங்க வைக்கத் தெரியவில்லை. பிழை அவளுடையது அல்ல. அந்தச் சொல்லை நாம் அவளுக்குத் தரவில்லை.

செரமைடு என்ற வேதிப்பெயருக்குத் தனித்தமிழ்ச் சொல் படைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வைட்டமினைப் போல அதுவும் அப்படியே நம் எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். உலகெங்கும் அதே பெயர், டப்பாவிலும் அதே பெயர். ஆனால் இரண்டு வகைக் கொழுப்பையும் பிரித்துச் சொல்ல இரண்டு எளிய சொற்கள் நமக்கு வேண்டும். சுரப்பியிலிருந்து வருவதை 'தோல்நெய்' என்போம். செல்களுக்கு நடுவே பூசியிருப்பதை 'தோல்காரை' என்போம். சுண்ணாம்புக் காரை பூசிய வீட்டில் வாழ்ந்தவர்கள் நாம். காரை பெயர்ந்தால் சுவர் என்னாகும் என்று எந்தப் பாட்டிக்கும் பாடம் நடத்த வேண்டாம். அன்று மருமகள், "தோலில் காரை பெயர்ந்திருக்கிறதாம் அத்தை" என்று சொல்லியிருந்தால், என் மனைவி பீர்க்கங்காய் நாரைத் தொட்டிருப்பாளா? காரை பெயர்ந்த சுவரை யாராவது தேய்த்துக் கழுவுவார்களா?

இதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். சொல் எது என்பதைவிட, சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பதே முக்கியம். நம் உறுப்பினர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், நர்ஸுகள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு வியாதி, அதற்குப் பத்துத் தமிழ்ச் சொற்கள் என்று இந்தப் பத்திரிகையிலேயே ஒரு பக்கம் ஒதுக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் நடுவிலும் காரை பெயராமல் இருக்க அது உதவும்.

கடைசியாக ஒரு வார்த்தை. மேலே எழுதியது எதுவும் வைத்தியம் அல்ல. தோலில் புண் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக் கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுக்கும் டியூபில் ஸ்டீராய்டு இருக்கலாம். அளவறிந்து டாக்டர் சொல்லிப் பூசினால் அது மருந்து, நாமாகப் பூசினால் தோலே மெலிந்துபோகும்.

பேரன் இப்போது நன்றாக இருக்கிறான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷக் குளியல், சோப்பு பேருக்கு, துவட்டிய ஈரம் காயுமுன் களிம்பு. குளிர் வந்தால் இலேசாக அரிப்பு தலைகாட்டும். அப்போது அவனே டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான்: "தாத்தா, காரை பூசு!"

அந்த டப்பா தீர்ந்து, அடுத்தது விலை குறைந்ததாக, செரமைடு என்ற எழுத்தே இல்லாததாக வாங்கினோம். அவன் வித்தியாசம் எதுவும் சொல்லவில்லை.